ஒரே துணி, இரண்டு பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கென்ட்டே என்ற கைத்தறித் துணியில் மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் வரலாறு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். கென்ட்டே அங்குள்ள அசாந்தே இனத்தின் அரசர்கள் உடுத்தியது. கானா என்ற பெயரும் அந்த மண்ணுக்குரியது அல்ல, வேறெங்கோ இருந்த ஒரு பழைய பேரரசின் பெயர். ஓர் இனத்தின் அரச உடையை எடுத்து, இரவல் பெயர் கொண்ட ஒரு நாட்டுக்கு அரசாங்கம் போர்த்திவிட்டது என்றுதானே ஆகிறது? இதில் மக்கள் எங்கே இருக்கிறார்கள்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

பெயரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பழைய கானாப் பேரரசு இன்றைய மௌரித்தேனியா, மாலி பக்கம் இருந்தது. கோல்ட் கோஸ்ட் என்ற காலனிப் பெயரை விட்டுவிட்டு அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று முன்னின்று வாதாடியவர் வழக்கறிஞர் ஜே. பி. டாங்குவா. 1957 மார்ச் 6 அன்று அந்தப் பெயரோடுதான் நாடு விடுதலை அடைந்தது. டாங்குவாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

கென்ட்டே விஷயத்தில் பாதிதான் சரி. அசாந்தே தலைநகரான குமாசிக்கு அருகிலுள்ள பொன்வீரே என்ற ஊரில் அசாந்தே அரசவைக்காக நெய்தார்கள் என்பது உண்மை. ஆனால் கிழக்கே எவே மக்களும் தலைமுறை தலைமுறையாக நெய்கிறார்கள். அவர்களுடைய துணியில் விலங்குகளும் முக்காலிகளும் கூட வரும். ‘கென்ட்டே’ என்ற சொல்லே யாருடையது என்று இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. கூடையைக் குறிக்கும் எங்கள் சொல்லிலிருந்து வந்தது என்று அசாந்தே மக்கள் சொல்கிறார்கள். இழைகளைத் திற, அழுத்து என்று நெசவில் நாங்கள் சொல்வதுதான் அது என்று எவே மக்கள் சொல்கிறார்கள்.

விடுதலை அறிவிப்பு நடந்த நள்ளிரவில், நாட்டின் விடுதலைத் தலைவரும் முதல் பிரதமருமான குவாமே என்க்ரூமா கென்ட்டே உடுத்தவில்லை. நாட்டின் வடபகுதி மக்கள் அணியும் தொளதொளப்பான மேற்சட்டையோடுதான் மேடையில் நின்றார். அவர் அசாந்தே அல்ல, தென்மேற்குக் கரையோரத்தின் ன்சீமா இனத்தவர். அசாந்தே பகுதியிலோ அவருக்கு எதிராக 1954இலேயே கூட்டாட்சி கேட்டு ஒரு கட்சி எழுந்திருந்தது. அப்படிப்பட்டவர்தான் பின்னால் வெளிநாட்டுத் தலைவர்கள் முன் கென்ட்டே போர்த்திக்கொண்டு நின்றார். ஆக, அரசாங்கம் திட்டமிட்டுப் போர்த்தியது என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அப்புறம் அந்தத் துணிக்கு என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் பார்க்கவில்லை.

கென்ட்டே முழு அகலத்தில் நெய்யப்படுவதில்லை. சுமார் 4 அங்குல அகலப் பட்டைகளாக நெய்து, பிறகு பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பார்கள். ஆண்கள் போர்த்தும் ஒரு துணிக்கு 20க்கும் மேற்பட்ட பட்டைகள் வேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் உண்டு: ஒரு குலத்தின் பெயர், ஓர் அரசியின் பெயர், பல சமயம் ஒரு பழமொழி. உடுத்தியவர் வாய் திறக்காமலே ஒரு செய்தியைச் சொல்லிவிடலாம். பெயர் தெரிந்தவருக்கு அது புரியும்.

1957 முடியும் தறுவாயில் என்க்ரூமா ஃபாத்தியா என்ற எகிப்தியப் பெண்ணை மணந்தார். நம் ஊரில் பெண்ணே இல்லையா என்று அவருடைய கட்சிப் பெண்களுக்கே வருத்தம் இருந்தது. அந்தச் சூழலில் ஒரு கென்ட்டே வடிவத்துக்கு ‘ஃபாத்தியா ஃபாத்தா என்க்ரூமா’ என்ற பெயர் வழங்கலாயிற்று. என்க்ரூமாவுக்கு ஏற்றவள் ஃபாத்தியா என்று பொருள். ஒரு புது மணமகளைத் துணியின் பெயரால் ஏற்றுக்கொண்டார்கள்! இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தது.

1960இல் கானா ஐ.நா. சபைக்கு ஒரு பெரிய கென்ட்டேயைப் பரிசளித்தது. அதன் பெயருக்கு ‘ஒரு தலை சபையாகாது’ என்று பொருள். பல நாடுகள் கூடும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமாக எதைக் கொடுக்க முடியும்? ஆனால் ஊரில் நடந்தது வேறு. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டம் 1958லேயே வந்துவிட்டது. 1964இல் கானா ஒரு கட்சி நாடானது. நாட்டுக்குப் பெயர் தேடித் தந்த டாங்குவா, 1960 தேர்தலில் என்க்ரூமாவை எதிர்த்து நின்றவர், அந்தச் சட்டத்தின் கீழ் அடைபட்டு 1965 பிப்ரவரியில் என்சாவம் சிறையிலேயே இறந்தார். என்க்ரூமா மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆப்பிரிக்க விடுதலைக்கு அவர் செய்தது பெரிது. ஆனால் அந்தச் சிறைச் சாவை அவர் கணக்கில் எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

1966 பிப்ரவரி 24. என்க்ரூமா சீனாவில் இருக்கும்போது ராணுவமும் காவல்துறையும் ஆட்சியைப் பிடித்தன. அவர் திரும்பி வரவே இல்லை. கினியில் தஞ்சம் புகுந்து, 1972இல் ருமேனியாவில் இறந்தார்.

அந்த ஆட்சி விழுந்த பிறகு ஃபாத்தியாவின் துணியும் பெயர் மாறியது. புதுப் பெயர் ‘ஒபாகோஃபோ ம்மு மான்’. ஒரே ஆள் நாட்டை ஆள்வதில்லை என்று பொருள். வடிவம் அதேதான், நிறங்கள் அதேதான். பத்து ஆண்டுகளுக்குள் ஒரு கல்யாண வாழ்த்து அரசியல் தீர்ப்பாகிவிட்டது.

மக்கள் எங்கே என்று கேட்டீர்கள். எனக்கு அவர்கள் இந்தப் பெயர் மாற்றத்தில் தெரிகிறார்கள். போர்த்தியது அரசாங்கமாகவே இருக்கட்டும். ஆனால் எந்த வாசகத்தைச் சொல்லி அதை உடுத்துவது என்பதை மக்கள் அரசிடம் விட்டுவிடவில்லை. 2024 டிசம்பரில் கென்ட்டே நெசவை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது, மகிழ்ச்சிதான். ஆனால் துணியை மட்டும் பார்த்துவிட்டுப் பெயரைக் கேட்காமல் போகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும். ‘ஃபாத்தியா’ என்ற பழைய பெயரும் மறையவில்லை. அந்த ஒரு வடிவத்துக்கு இரண்டு பெயர்களும் இன்றுவரை நினைவில் இருக்கின்றன.