கள்ளியும் பாலைவனமும்: கேளுங்கள், சொல்கிறேன்

உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். திருகோணமலை உவர்மலையில் வீட்டு மாடி முழுக்கச் சாடிகள். கச்சான் காற்று இரண்டைக் கவிழ்த்துவிட்டது, மண்ணைக் கூட்டி அள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பாலைவனச் செடிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: எங்கள் ஊர் வெயிலும் பாலைவன வெயில் மாதிரித்தானே? பிறகேன் என் கள்ளி அடியில் அழுகியது?

வெயில் சரி, மழையைக் கணக்கில் எடுக்கவில்லையே. வருடத்துக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்தால்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். நமக்கு 1500 அளவில் பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள். மாரியில் சாடியைக் கூரைக்குள் எடுங்கள். மண்ணில் பாதி பருமணல் இருக்கட்டும். விரலை விட்டுப் பார்த்து, அடி வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

உயர்தர மாணவர், உப்புவெளி: தண்ணீர் இல்லாமல் எப்படி உயிர் வாழ்கிறது? புத்தகத்தில் இருப்பது விளங்கவில்லை சேர்.

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன் தம்பி. இலையில் இலைவாய் என்று நுண்துளைகள் உண்டு. காபனீரொட்சைட்டு உள்ளே போவதும் அதால்தான், நீராவி வெளியே போவதும் அதால்தான். சாப்பிட வாயைத் திறந்தால் தாகம் எடுக்கும், அதுதான் சிக்கல். மற்றச் செடிகள் பகலில் திறக்கின்றன. கள்ளி இரவில் திறக்கிறது. அப்போது காற்றில் சூடு குறைவு, ஈரம் அதிகம், இழப்பும் குறைவு. ஆனால் இரவில் வெளிச்சம் இல்லையே? அதனால் பிடித்த வாயுவை மலிக்கமிலமாக்கிச் சேமித்து வைக்கிறது. விடிந்ததும் வாயை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து எடுத்து உணவு செய்கிறது.

இதை நாக்கால் சோதிக்கலாம். ரணகள்ளி, அதுதான் இலை விளிம்பில் குட்டி போடுமே, அதுவும் இதே வேலையைச் செய்கிறது. மதராஸ் பக்கம் இருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற வைத்தியர், அதன் இலை காலையில் புளிக்கிறது, மத்தியானம் சப்பென்று இருக்கிறது என்று எழுதினார். அந்தக் கடிதம் 1815இல் அச்சானது. போன கிழமை பேத்தியோடு நானும் செய்து பார்த்தேன். ஆறு மணிக்குக் கிள்ளிய இலையை நாக்கில் வைத்ததும் பிள்ளையின் முகம் மாங்காய் கடித்த மாதிரிச் சுருங்கியது. பன்னிரண்டு மணி இலைக்கு, "தாத்தா, பச்சைத் தண்ணி" என்றாள். தொட்டுவிட்டுத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. மாடு தின்றால் நஞ்சு.

மிச்சம் எல்லாம் இதற்குத் துணை. இலை முள்ளாகிவிட்டது, அதனால் ஆவியாகும் பரப்புக் குறைவு. முள் கொஞ்சம் நிழலும் தரும். தண்டுதான் பச்சையாக நின்று இலையின் வேலையைச் செய்கிறது. வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் நிற்கும் சாகுவாரோ என்ற பெரிய கள்ளியின் தண்டு மடிப்பு மடிப்பாக இருக்கும். மழை பெய்தால் மடிப்பு விரியும், காய்ந்தால் சுருங்கும், அக்கோடியன் மாதிரி. பெரும்பகுதி வேர் மேல்மண்ணிலேயே பரந்து கிடந்து, சின்னத் தூறலையும் விடாமல் உறிஞ்சும்.

கணினிக்குப் பக்கத்தில் வைத்தால் கதிர்வீச்சை இழுக்குமா?

இல்லை. வெளிச்சம் இல்லாமல் செடிதான் வாடும்.

வீட்டுக்குள் முள் செடி வைத்தால் தரித்திரமாமே?

அது சாத்திரியாரிடம் கேட்க வேண்டியது. நடைபாதையில் வைக்காதீர்கள், குத்தும்.

மூதூர் ஐயா ஒருவர்: எங்கள் வேலியில் சதுரக்கள்ளி நிற்கிறது. அதுவும் அமெரிக்காக் கள்ளிதானா?

இல்லை ஐயா. அது ஆமணக்கு, மரவள்ளிக் குடும்பம். கள்ளி அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய வேறு குடும்பம். வறட்சி இரண்டையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. சதுரக்கள்ளியை வெட்டும்போது பால் கண்ணில் படக்கூடாது, பார்வைக்கே ஆபத்து. பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அதே ஐயா: அப்படியென்றால் எங்கள் கள்ளி கள்ளி இல்லையா? சங்கப் பாட்டில் பொருள் தேடிப் போனவன் கடந்தது கள்ளியங்காடு. கொலம்பஸ் கப்பல் ஏறியது 1492இல்தானே?

ஐயா, பிடித்துவிட்டீர்கள். கள்ளி என்ற சொல்லுக்கு உரித்துக்காரன் உங்கள் வேலியில் நிற்பதுதான். அமெரிக்காவிலிருந்து வந்ததற்கு நாம் அந்தப் பெயரை இரவல் கொடுத்தோம். மேலே நானும் இரவல் பெயரில்தான் கதைத்திருக்கிறேன். இனி அதைக் கற்றஸ் என்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து இன்னொருவர்: அப்போ பால் வந்தால் கள்ளி, வராவிட்டால் கற்றஸ். சரியா?

முக்கால்வாசி சரி. மமிலாரியா என்ற உருண்டைக் கற்றஸில் சில இனத்துக்குப் பால் வரும். முள்ளின் அடியைப் பாருங்கள். கற்றஸில் முள் முளைக்கும் இடத்தில் பஞ்சு வைத்த பொத்தான் மாதிரி ஒரு சின்ன மெத்தை இருக்கும். சதுரக்கள்ளியில் அது இல்லை, முள் சோடி சோடியாக நிற்கும்.

மூதூர் ஐயா: இலங்கைக்குச் சொந்தமாக ஒரு கற்றஸும் இல்லையா?

ஒன்றே ஒன்று உண்டு, ரிப்சாலிஸ். ஈரக்காட்டு மரங்களில் பச்சை நூல் மாதிரித் தொங்கும், வளர்ந்ததற்கு முள் கிடையாது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக இருக்கும் கற்றஸ் அது மட்டும்தான், ஆபிரிக்காவிலும் உண்டு. எப்படிக் கடல் தாண்டியது என்ற வாதம் ஓயவில்லை. நாகதாளி, அதுதான் சப்பாத்திக்கள்ளி, அப்படியல்ல, கொண்டுவந்து விட்டது. அம்பாந்தோட்டைக் கரையில் காடாகிக் கிடக்கிறது. ஒரு மடல் உடைந்து விழுந்தாலும் வேர் விடும், வளவுக்கு வெளியே எறியாதீர்கள்.

கள்ளிக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர்?

நாள் கணக்கு இல்லை. விரலை விடுங்கள்.

பாலைவனத்தில் மாட்டிக்கொண்டால் கற்றஸை வெட்டித் தண்ணீர் குடிக்கலாமா?

படத்தில் மட்டும். பெரும்பாலானவற்றின் சாறு வாந்தியும் வயிற்றோட்டமும் தந்து, உள்ள தண்ணீரையும் பறிக்கும்.

பாலைவனச் செடி எல்லாம் இப்படித் தண்ணீரைச் சேமிக்குமா?

இல்லை. மெஸ்கீட் மரம் தோண்டிப் போகும். அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் அதன் வேரைக் கண்டார்கள். தென்மேற்கு ஆபிரிக்காவின் நமீப் பாலைவனத்து வெல்விற்சியா என்ற செடி இரண்டே இலையை ஆயிரம் வருடத்துக்கு மேலும் வளர்த்துக்கொண்டே இருக்கும். இன்னும் சில விதையாகவே மண்ணில் படுத்திருந்து, நல்ல மழைக்கு முளைத்து, சில கிழமைக்குள் பூத்துக் காய்த்துச் செத்துவிடும். அவ்வளவு தூரம் போவானேன், நம் கடற்கரை மணலில் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் உப்பையும் சூட்டையும் தாங்குவதைப் போய்ப் பாருங்கள்.

வாரம் ஒரு கப் தண்ணீர் போதுமா சேர்?

மேலே இரண்டு தடவை சொல்லிவிட்டேன் பிள்ளை. மூன்றாவது தடவைக்கு என் விரலைத்தான் அனுப்ப வேண்டும்.

மூதூர் ஐயா, அடுத்த நாள்: ரணகள்ளி இலையைச் சோதித்தேன். விடியப் புளிப்பு, மத்தியானம் ஒன்றும் இல்லை, பின்னேரம் கசப்பு.

ஹெய்னும் பின்னேரம் கசக்கிறது என்றுதான் எழுதினார், நான் சொல்ல மறந்தேன். துப்பினீர்களா?