வீட்டில் எல்லாரும் சோறு விட்டாச்சு, 5 வயது மகனுக்கும் நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். கணவரின் இனிப்புநீருக்காக (நீரிழிவு) சோறு, தோசை, மீ (நூடுல்ஸ்), ரொட்டி எல்லாம் விட்டது பெரியவர்கள் முடிவு. பிள்ளையை அதில் சேர்க்க எந்த மருத்துவக் காரணமும் நீங்கள் சொல்லவில்லை.

மகனுக்கு இருப்பதாக நீங்கள் சொன்ன மலச்சிக்கல், பாலர் பள்ளி விட்டு வந்ததும் சுருண்டு படுப்பது, இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வீட்டுச் சாப்பாடு மாறியதில் அவனுக்கும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் ஒரேயடியாகக் குறைந்துவிட்டன. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு 130 கிராம் மாவுச்சத்து பரிந்துரை. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் இருக்கிறது. முட்டை, கோழியில் அநேகமாக இல்லை. காலிஃபிளவரைத் துருவிச் சோறாகப் போட்டால் ஒரு கப்புக்கு ஐந்தாறு கிராம்தான். அதற்குள் சின்ன வயிறு நிறைந்துவிடும், பாவம்.

இரண்டு வாரம் இப்படிக் கொடுத்துப் பாருங்கள்: காலையில் சாம்பாரோடு இரண்டு தோசை, மதியம் முக்கால் கப் சோறு, பருப்பு, கீரை. மாலையில் கோலாலம்பூர் சௌக்கிட் சந்தையில் கிடைக்கும் சர்க்கரைவள்ளியை அவித்து, தோலோடு. இரவில் ஒரு சப்பாத்தி. தண்ணீர் குறையக்கூடாது. அரசாங்க கிளினிக்கில் எடை, உயரம் பார்த்து, அவனுடைய சுகாதாரப் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோட்டோடு ஒப்பிடுங்கள். கோடு சரிந்திருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதியாகிறது என்றால் சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கும் நோய்) இருக்கலாம். அப்போதும் ரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

கணவர் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்தால், திடீரெனச் சோற்றை விட்டதில் சர்க்கரை மிகவும் இறங்கலாம். மருந்தளவை இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.