பாதரசத்தில் மிதந்த கணக்கு

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தையை மூடுவதற்கு முன்னால் அப்பா அங்கே ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி மீட்டர் வாங்கி வைத்திருந்தார். அவர் போன பிறகு அலமாரியை ஒழித்தபோது கையில் கிடைத்தது. அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கனம். சாய்த்தால் உள்ளே ஏதோ ‘கொளக்’ என்று நகர்கிறது. திறந்து பார்க்கலாமா? என்ன மீட்டர் இது?
– வாசகி, ஈசூன்

பதில்: திறக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். இது பாதரசத்தில் ஓடும் பழைய மின்சார மீட்டர்; உள்ளே நகர்வது பாதரசம். பெட்டியை நிமிர்த்தியபடியே ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கி, மூடி, பிள்ளைகள் கைபடாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். புளோக்கின் குப்பைக் குழாயில் தள்ளிவிடாதீர்கள். நச்சுக் கழிவு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. தேசியச் சுற்றுப்புற வாரியத்தைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

இப்போது கதைக்கு வருவோம். சந்தையை மூடியது 2017 ஜூலையில். அதற்கு நாற்பத்தைந்து வருடம் முன்னால், ஜாலான் புசார் பக்கத்தில் ஒரு பட்டறையில் நான் கையாளாகச் சேர்ந்தேன். பழைய கப்பல்களிலிருந்து கழற்றிய கருவிகளைத் துடைத்து, சரிபார்த்து, மறுபடி விற்கும் பட்டறை. அந்தக் காலக் கப்பல்களில் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம் அதிகம். பேட்டரிக்குள் எவ்வளவு போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று எண்ண ஆம்பியர் மணி மீட்டர் வைத்திருப்பார்கள். அதில் பாதிக்கு மேல் பாதரச மீட்டர். தௌக்கே, அதாவது முதலாளி, மலாயில்தான் பேசுவார். பாதரசத்துக்கு அவர் சொல்லும் பெயர் ‘ராக்சா’. நம்ம ரசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறதே என்று முதல் நாளே சிரித்தேன்.

இந்த மீட்டரின் வேர் 1821இல் இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே ஒரு கிண்ணம் பாதரசத்தில் காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்த வருடமே பீட்டர் பார்லோ ஒரு பல்சக்கரத்தின் விளிம்பைப் பாதரசத்தில் தொடவைத்துச் சுழற்றிக் காட்டினார். பாதரசம் மின்சாரத்தைக் கடத்தும், அதே நேரம் வழிவிட்டுக்கொண்டே இருக்கும். சுழலும் பொருளுக்கு மின்சாரம் கொடுக்க வேறெதிலும் உரசும் தொடுப்பு வேண்டும், இதில் வேண்டாம்.

லிவர்பூலில் 1864இல் பிறந்த செபாஸ்டியன் டி ஃபெராண்டி, இருபது வயதைத் தொடும் சமயத்தில் இதை மீட்டராக்கினார். ஆழமில்லாத வட்டக் கிண்ணம், அதில் பாதரசம். மின்சாரம் நடுவில் நுழைந்து விளிம்புக்கு ஓடும். கிண்ணத்தின் மேலும் கீழும் மின்காந்தம். அதற்கும் அதே மின்சாரம்தான். பாதரசம் குழம்பைக் கரண்டியால் கிளறியதுபோல் சுழலும். அதில் மிதக்கும் சின்னத் துடுப்பு எண்சக்கரங்களைத் திருப்பும்.

எனக்கு இந்த மீட்டரில் பிடித்த இடம் இதுதான். கரண்ட் இரட்டித்தால் காந்தமும் இரட்டிக்கும், ஆகவே தள்ளும் விசை நாலு மடங்கு. வேகமும் நாலு மடங்கானால் கணக்கு நாறிவிடும். ஆனால் சுழலும் திரவம் தரும் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது: வேகம் இரட்டித்தால் தடை நாலு மடங்கு. நாலுக்கு நாலு கழிந்து, கரண்டுக்கு ஏற்ற வேகம் மிஞ்சுகிறது. எல்லாரும் உராய்வை விரட்டப் பார்த்த காலத்தில், இந்தப் பையன் அதைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்.

குறை எங்கே? ஒரே ஒரு விளக்கு எரியும்போது. முழுச் சுமையில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்றால் தள்ளும் விசை நூறில் ஒரு பங்குதான். எண்சக்கரங்களின் சாதாரண உராய்வே அதைத் தின்றுவிடும். வீட்டுக்காரர் வராந்தா விளக்கை மட்டும் விடிய விடிய எரித்தால் மீட்டர் தூங்கும். கம்பெனிக்குத்தான் நஷ்டம்.

1880களின் பின்பகுதியில் பர்மிங்காமின் ஜார்ஜ் ஹூக்கம் இதற்கு வழி கண்டார். மின்காந்தத்தை எடுத்துவிட்டு நிலைக்காந்தம் வைத்தார். இப்போது காந்தம் கரண்டைப் பார்த்து மாறாது. தள்ளும் விசை கரண்டுக்கு நேர் விகிதம். பத்தில் ஒரு பங்கு கரண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு விசை கிடைக்கும். ஆனால் அப்போது தடையும் வேகத்துக்கு நேர் விகிதமாக இருக்க வேண்டுமே. அதற்கு, துடுப்புக்குப் பதில் பாதரசத்துக்குள் ஒரு செம்புத் தகட்டை வைத்து, அதையே காந்தத்துக்கு நடுவில் ஓடவிட்டார். தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, அதுவே பிரேக் போடும். வேகம் இரட்டித்தால் பிரேக்கும் இரட்டிக்கும், அவ்வளவே. தட்டு மீட்டர் எதைத் திறந்தாலும் ஒரு பிரேக் காந்தம் இருக்கும். அது இந்தப் பரம்பரை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபெராண்டிக்கு உதவிய திரவத் தடை இப்போது வேண்டாத விருந்தாளி. அது இன்னும் வர்க்கமாகத்தான் ஏறும். அதனால் முழுச் சுமையில் மீட்டர் பின்தங்கும். இதற்காக முக்கியக் கரண்ட் ஓடும் கம்பியையே ஒன்றிரண்டு சுற்று சுற்றி, சுமை ஏற ஏறப் பிரேக் காந்தம் கொஞ்சம் தளரும்படி செய்தார்கள். பட்டறையில் நாங்கள் அதிகம் மல்லுக்கட்டியது இந்தச் சுற்றோடுதான். ஒரு பலகை நிறைய விளக்குகளைச் சுமையாகக் கொடுத்து, கையில் நிறுத்துகடிகாரத்தோடு சுற்று எண்ணுவேன். குறைந்த சுமையில் சரி செய்தால் முழுச் சுமையில் தவறும். அங்கே சரி செய்தால் இங்கே தவறும். ஒருநாள் முழுக்க ஒரே மீட்டர்.

உள்ளே இருக்கும் தகட்டைப் பற்றியும் சொல்லணும். செம்பின் அடர்த்தி 8.9, பாதரசத்துக்கு 13.6. ஆகவே செம்பு மூழ்காது. மிதப்பையும் எடையையும் ஈடுகட்டி, தாங்குமுனையில் கிட்டத்தட்டப் பாரமே விழாதபடி செய்துவிடலாம். கல் வைத்த தாங்கி இருபது முப்பது வருடம் தேயாமல் நிற்பதற்கு அதுதான் காரணம். ஆனால் செம்பு பாதரசத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் நடுவும் விளிம்பும் தவிர மற்ற இடமெல்லாம் பூச்சு பூசியிருப்பார்கள். பூச்சு பெயர்ந்த தகட்டை வெளியே எடுத்தால் ஈயப் பாத்திரம்போல மங்கிய சாம்பல் நிறம். பாதரசத்தின் மேலே கறுப்பு ஆடை. ஆடு தோலில் கட்டிப் பிழிந்தால் பளபளவென்று சுத்தமாக இறங்கும், கசடு தோலில் நின்றுவிடும். கையுறை? அந்த வார்த்தையே அந்தப் பட்டறையில் கேட்டதில்லை.

சேர்ந்த மூன்றாம் மாதம், பாதரசக் கிண்ணத்தை அடைக்கும் திருகை முடுக்காமல் ஒரு மீட்டரைக் கவிழ்த்துவிட்டேன். ஒரு கைப்பிடி பாதரசம் மேசை இடுக்கில் இறங்கி, சிமெண்டுத் தரை விரிசலெல்லாம் கடுகாகவும் மிளகாகவும் சிதறி ஓடியது. வெறும் கையால் அள்ளினேன். அம்மா போட்டுவிட்ட மோதிரம் விரலிலேயே வெளுத்துப்போனது. தங்கம் பாதரசத்தைக் கண்டால் விடாது. சிராங்கூன் சாலையில் ஒரு பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் அடுப்பில் காட்டி நிறத்தை மீட்டுக் கொடுத்தார். அந்தப் புகையை நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்று முகர்ந்தோம். இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. உங்களைத் திறக்காதீர்கள் என்றது இதனால்தான் அம்மா.

கேள்வி: குளிர்நாட்டில் செய்த இந்த மீட்டர் நம் ஊர் வெப்பத்தில் சரியாக ஓடியிருக்குமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: நல்ல கேள்வி, கேட்டவர் தொழில் தெரிந்தவர் போல. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் சுமார் 0.4 விழுக்காடு கூடும். 15 பாகையில் சரிபார்த்த மீட்டர் நம் ஊர் 30 பாகைக்கு வந்தால் தகட்டின் தடை சுமார் 6 விழுக்காடு கூடும். சுழல் மின்னோட்டம் அந்த அளவுக்குக் குறையும், பிரேக் தளரும், மீட்டர் வேகமாக ஓடும். பில் கட்டுபவர் தலையில் விழும். ஈடுகட்டாவிட்டால் இந்தக் கதி. அதனால்தான் எங்கே ஓடப்போகிறதோ அந்த வெப்பத்தில் வைத்துச் சரிபார் என்று தௌக்கே படித்துப் படித்துச் சொல்வார். எங்கள் சோதனை மேசை ஜன்னல் பக்கம், தகரக் கூரைக்கு நேர் கீழே. எனக்கு அது தண்டனையாகத்தான் தெரிந்தது.

கேள்வி: மணல் கடிகாரம்போலப் பாதரசம் சொட்டிச் சொட்டிக் கரண்ட் கணக்குக் காட்டும் மீட்டர் இருந்ததாமே? அதுவும் நீங்கள் எழுதிய வகைதானா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: இல்லை, அது வேறு ஜாதி. அதில் சுழல்வது எதுவும் கிடையாது. பிரைட்டன் நகரத்து மின்பொறியாளர் ஆர்தர் ரைட் செய்தது. மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதரச உப்புக் கரைசல். ஒரு முனையில் பாதரசம். மின்சாரம் போகப் போக அது கரைந்து, மறுமுனையில் பாதரசமாகவே வெளிப்பட்டு, துளித் துளியாகக் கீழே அளவுக்கோடு போட்ட குழாயில் விழும். நிரம்பியிருக்கும் உயரமே பில்.

ஃபாரடேயின் விதிப்படி, பாதரசத்தின் இரட்டை மின்னூட்ட உப்பு என்றால் ஓர் ஆம்பியர் மணிக்கு 3.74 கிராம் விழும். 200 வோல்ட் லைனில் ஒரு யூனிட் என்பது 5 ஆம்பியர் மணி. கிட்டத்தட்ட 19 கிராம். முழுக் கரண்டையும் இதற்குள் விட்டால் மாதத்துக்கு நிறையப் பாதரசம் வேண்டும். அதனால் பெரும்பகுதியை ஒரு தடிமனான பட்டை வழியே திருப்பிவிட்டு, சிறு பங்கை மட்டும் கரைசலுக்குள் அனுப்பினார்கள்.

இங்கேதான் வெப்பம் மறுபடி தொல்லை. கரைசல் சூடானால் அதன் தடை இறங்கும், பாகைக்குச் சுமார் 2 விழுக்காடு. அப்போது அந்தச் சிறு பங்கு கூடி, குழாய் சீக்கிரம் நிரம்பும். அதற்கு மருந்து, கரைசலோடு தொடராக ஒரு கம்பிச் சுருள்; சூட்டில் அதன் தடை ஏறும். ஒன்று இறங்க ஒன்று ஏற, பங்கு பெரிதாக மாறாது. இன்னொன்று, கரையும் பாதரசத்தின் மட்டம் தாழ்ந்துகொண்டே போனால் இடைவெளி கூடிக் கணக்குத் தவறும். அதற்குக் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த போத்தல் உத்தி: மட்டம் இறங்கினால் மேலிருந்து கொஞ்சம் இறங்கிச் சரியாகும். எனக்கு அதைப் பார்த்தவுடன் செம்பவாங்கில் பாட்டி வீட்டுக் கோழிக்கூடு நினைவுக்கு வந்தது.

குழாய் நிரம்பிவிட்டால் கணக்கெடுக்க வந்தவர் சாய்த்துப் பாதரசத்தைப் பழைய இடத்துக்கு அனுப்புவார். கணக்கு சுழியம். ஆதாரமும் அதோடு போச்சு. தகராறு என்றால் எதைக் காட்டுவது? எனக்கு இந்த மீட்டர்மேல் உள்ள ஒரே வருத்தம் அது.

கேள்வி: எடிசன் கரண்டை எடை போட்டாராம், உண்மையா?
– மாணவி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: உண்மைதான் பாப்பா. பாதரசத்துக்குப் பதில் துத்தநாகத் தகடு. மாதாமாதம் கழற்றி எடுத்துப்போய்த் தராசில் வைப்பார்கள்; ஓர் ஆம்பியர் மணிக்கு 1.22 கிராம். குளிரில் கரைசல் உறையாமலிருக்கப் பெட்டிக்குள் ஒரு விளக்கு. வீட்டுக்காரரால் அந்த மீட்டரைப் படிக்கவே முடியாது, கம்பெனி சொன்னதே வேதம். அதனால்தான் முள்ளும் எண்ணும் உள்ள மீட்டர் வந்ததும் மக்கள் அதன் பக்கம் போனார்கள்.

கேள்வி: அவ்வளவு நல்ல பாதரச மீட்டர் ஏன் காணாமல் போனது?
– வாசகர், ஹௌகாங்

பதில்: டிசி போனது, அதுவும் கூடவே போனது. நிலைக்காந்தம் வைத்த மீட்டரில் மாறுமின்சாரம் விட்டால், தகடு ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே என்று உதறி, நின்ற இடத்திலேயே நிற்கும். 1888-89இலேயே அமெரிக்காவில் ஷாலன்பெர்கரும் ஹங்கேரியில் பிளாத்தியும் மாறுமின்சாரத்துக்கான தூண்டல் மீட்டர் செய்துவிட்டார்கள். அலுமினியத் தட்டு, பாதரசம் வேண்டாம், விலை மலிவு. நம் வீட்டு வாசலில் ரொம்ப நாள் சுற்றிக்கொண்டிருந்த தட்டு அதன் வம்சம். இப்போது அதையும் ஸ்மார்ட் மீட்டர் எடுத்துக்கொண்டது.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டில் ஒரு பாதரச மீட்டராவது இருக்கிறதா?
– வாசகி, பொங்கோல்

பதில்: ஒரு சொட்டுப் பாதரசம்கூட இல்லை. பட்டறையை மூடியபோது ஒரு மீட்டரின் குதிரைலாடக் காந்தத்தை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். சமையலறைச் சுவரில் தொங்குகிறது. வீட்டுக்காரி தோசைக் கரண்டியை அதில் மாட்டப் பார்த்தாள், எவர்சில்வர், ஒட்டவில்லை. காந்தத்துக்கு வயதாகிவிட்டது என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். இரும்புச் சாவி நாலு இன்னும் பிடிக்கிறது.