வாசகர் கேள்வி: அணைகள் நிறைந்த லாவோஸில் டாலருக்கு ஏன் பஞ்சம்?

லாவோஸிலிருந்து சிங்கப்பூருக்கு மின்சாரம் வந்ததாகப் படித்தேன். மின்சாரம் விற்கும் நாட்டின் பணம் ஏன் இப்படிச் சரிகிறது?
– வாசகி, ஈசூன்

படித்தது சரிதான். 2022 ஜூனில் தாய்லாந்து, மலேசிய மின்கம்பிகள் வழியாக 100 மெகாவாட் வரை வரத் தொடங்கியது. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் உச்ச மின்தேவையில் அது சுமார் 1.5 விழுக்காடு.

அணை லாவோஸ் மண்ணில் இருக்கிறது. அதைக் கட்டிய பணம் பெரும்பாலும் வெளியார் பணம். ‘நாம் தூன் 2’ என்ற அணை 2010இல் இயங்கத் தொடங்கியது. சுமார் 1,070 மெகாவாட் திறன். பெரும்பகுதி தாய்லாந்துக்குப் போகிறது. 2019இல் வந்த சாயாபுரி அணை 1,285 மெகாவாட். அதுவும் தாய்லாந்தை நம்பியதுதான். வரும் வருமானத்தில் முதலில் கடன்காரருக்குப் போகும், பிறகு பங்குதாரருக்கு. அரசுக்கு உரிமத்தொகையும் வரியும் தன் பங்குக்கான லாபமும்தான். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகே அணை முழுதாக அரசின் கைக்கு வரும்.

கையைக் கடிப்பது உள்நாட்டு விற்பனை. அரசு மின் நிறுவனம் தனியார் அணைகளிடம் பெரும்பாலும் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வாங்கி, வீடுகளுக்கு லாவோஸ் நாணயமான கிப்பில் விற்கிறது. கணக்குக்காக ஒரு யூனிட்டை 7 அமெரிக்கக் காசு என்று வையுங்கள். 2020 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 9,000 கிப். வாங்கும் விலை 630 கிப். 2023 கடைசியில் டாலர் 20,000 கிப்பைத் தாண்டிவிட்டது; அதே யூனிட்டுக்கு 1,400 கிப். வீட்டு மின்கட்டணத்தை அந்த வேகத்தில் எந்த அரசாலும் ஏற்ற முடியாது. இடைவெளி கடனாகிறது, கடனைக் கட்ட டாலர் தேட, கிப் இன்னும் இறங்குகிறது. கோடையில் ஆற்றில் நீர் வற்றும்போது தாய்லாந்திடமிருந்தே மின்சாரம் வாங்கவும் வேண்டும். 2022இல் பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசை நின்றதும் இந்த டாலர் தட்டுப்பாட்டால்தான். உழைக்காத நாடு என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். ஒப்பந்தங்களின் அமைப்பே இப்படி.

லாவோஸ் தலைநகர் வியந்தியானில் உள்ள உணவகங்களுக்கு ஒரு கொள்கலன் மளிகைச் சரக்கு அனுப்ப நினைக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?
– வணிகர், தேக்கா

லாவோஸுக்குக் கடல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் தாய்லாந்தின் லேம் சாபாங் துறைமுகம், அங்கிருந்து லாரியில் 600 கிலோமீட்டருக்கு மேல் எல்லை நகரமான நோங் காய், பிறகு மீகோங் ஆற்றின் நட்புப் பாலம் தாண்டித் தனலேங் உலர் துறைமுகம் (கடலில்லாத சரக்கு முனையம்). இதுதான் பழகிய வழி.

கப்பல் சரக்குச் சீட்டில் ‘லாவோஸுக்குச் செல்லும் இடைவழிச் சரக்கு’ என்ற குறிப்பு கட்டாயம் இருக்கட்டும். அது விடுபட்டால், தாய்லாந்துக்கே இறக்குமதியான சரக்காகக் கருதப்பட்டு, சீட்டைத் திருத்தும்வரை துறைமுகத்தில் கிடக்கும். வாடகை நாள்கணக்கில் ஏறும். கொள்கலனின் முத்திரை எண் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

புதியவர்கள் சறுக்குவது காலிக் கொள்கலனில். பெட்டி கப்பல் நிறுவனத்துடையது. பெரும்பாலும் லேம் சாபாங்குக்கே திருப்ப வேண்டும். போக, இறக்க, திரும்ப என்று நாள் ஓடிவிடும். பெட்டியை வாடகையின்றி வைத்திருக்கும் இலவச நாள்களை 14 அல்லது 21 என்று முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தாய்லாந்து லாரிக்குச் சரக்கை மாற்றி அனுப்பலாம். ஆனால் மிளகாய்த்தூள் மூட்டை கிழிய அதுவே நல்ல வாய்ப்பு, இரட்டைப் பை போடுங்கள்.

விலையை டாலரிலோ தாய்லாந்து நாணயமான பாத்திலோ சொல்லுங்கள், கிப்பில் வேண்டாம். வாங்குபவர் நேர்மையானவராக இருந்தாலும் அவருடைய வங்கியில் டாலர் கிடைக்கத் தாமதமாகலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு, மீதி வந்த பிறகே அசல் சரக்குச் சீட்டைக் கொடுங்கள்.

சீனாவிலிருந்து லாவோஸுக்கு வரும் ரயில் இந்தச் சரக்குப் போக்குவரத்துச் சிரமத்தை மாற்றிவிடாதா?
– மாணவர், உட்லண்ட்ஸ்

ஓரளவு மாற்றியிருக்கிறது. 2021 டிசம்பரில் திறந்த அந்தப் பாதை லாவோஸுக்குள் 422 கிலோமீட்டர். செலவு கிட்டத்தட்ட 600 கோடி டாலர், பெரும்பகுதி கடன். வடக்கே சரக்குப் போக்கு எளிதானது. தெற்கே இன்னும் ஒரு முடிச்சு: சீனத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், தாய்லாந்தினுடையது 1,000. வண்டி நேரே ஓடாது. வியந்தியானில் ஒவ்வொரு கொள்கலனையும் பாரந்தூக்கியால் எடுத்து அடுத்த வண்டியில் வைக்கிறார்கள், அந்தக் கூலியும் காத்திருப்பும் சரக்கின் விலையில்தான் ஏறுகிறது.