விண்டோஸ் எக்ஸ்பியில் இரண்டு டிஸ்க்கை ஒரே வால்யூமாக்க (ஒரே டிரைவாகக் காட்ட) "ஸ்பேன்டு" என்ற தேர்வு வரவில்லை என்றால்

இரண்டு டிஸ்க்கும் "டைனமிக்" (பல டிஸ்க்கைச் சேர்க்க விடும் அமைப்பு) ஆக இருந்தால்தான் ஸ்பேன்டு வால்யூம் போட முடியும். உங்களிடம் ஒன்றாவது "பேசிக்" (சாதாரண அமைப்பு) ஆகவே இருக்கும்.

விண்டோஸில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இடப்பக்கச் சாம்பல் கட்டத்தைப் பாருங்கள். பேசிக் என்றிருந்தால் அங்கேயே ரைட் கிளிக் செய்து டைனமிக் ஆக மாற்றலாம்.

மாற்றும் வசதியே காணோமா? அப்போது அது ஹோம் பதிப்பாக இருக்கலாம். அதில் டைனமிக் டிஸ்க் கிடையாது, புரொஃபஷனல் வேண்டும். லேப்டாப்பிலும் யுஎஸ்பி டிஸ்க்கிலும் இது நடக்காது. விண்டோஸ் இருக்கும் சி டிரைவையும் இப்படி நீட்ட முடியாது.

ஒரு டிஸ்க் போனால் மொத்த வால்யூமும் போச்சு. பேக்கப் இல்லாமல் தொடாதீர்கள். பழைய டிஸ்க் என்றால் நான் இதைச் செய்யவே மாட்டேன். இரண்டாவது டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஒரு ஃபைல் அமைப்பு) டிரைவில் உள்ள ஒரு காலி ஃபோல்டரில் மவுன்ட் செய்துவிடுவேன், அதாவது அந்த ஃபோல்டர் வழியாகவே அது திறக்கும். ஹோம் பதிப்பிலும் அது வேலை செய்யும்.