கேளுங்கள், சொல்கிறேன்: இத்தாலி மருந்துக்கடையில் கண் சொட்டு

கேள்வி: மகன் தூரினில் படிக்கிறான். ஜனவரியில் நானும் கணவரும் போய்த் தங்கப்போகிறோம். எனக்குக் கண் வறட்சி, அவருக்குக் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய். மகன் வகுப்புக்குப் போன நேரத்தில் சொட்டு மருந்து வேண்டியிருந்தால் கடையில் எப்படிக் கேட்பது? - வாசகி, கும்பகோணம்

பதில்: முன்கூட்டியே கேட்டது நல்லதாயிற்று. தூரினில் வழக்கமாக அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை வீடுகளில் ஹீட்டர் ஓடும். அந்தச் சூட்டில் கண் இன்னும் காயும். நான் அங்கே குடியிருந்தபோது குளிர்காலம் முழுக்க கைப்பையில் சொட்டு மருந்து இருக்கும்.

பச்சைச் சிலுவை விளக்கு இருந்தால் அது ‘ஃபர்மாச்சியா’. நுழைந்ததும் ‘புவோன்ஜோர்னோ’ என்று சொல்லிவிடுங்கள். வணக்கம் வைக்காமல் மருந்து கேட்டால் அங்கே பிடிக்காது. அப்புறம், ‘ஓ லி ஓக்கி செக்கி’, கண் வறண்டிருக்கிறது. மருந்தின் பெயரைத் தேடாதீர்கள், நம்மூர் பிராண்டெல்லாம் அங்கே கிடைக்காது. கண்ணுக்கு என்ன செய்கிறது என்று சொன்னால் போதும், மருந்தாளுநரே எடுத்துத் தருவார். எரிந்தால் ‘மி ப்ரூச்சனோ லி ஓக்கி’. தூசு விழுந்திருந்தால் ‘ஓ க்வல்கோஸா நெல்லோக்கியோ’.

உங்களுக்கு வேண்டியது ‘லாக்ரிமே ஆர்த்திஃபிச்சாலி’, அதாவது செயற்கைக் கண்ணீர். இதற்கு டாக்டர் சீட்டு வேண்டாம். அடிக்கடி விடுவதானால் ‘சென்ஸா கொன்ஸெர்வான்தி’ என்று சேர்த்துக் கேளுங்கள். பதப்படுத்தும் ரசாயனம் கலக்காதது என்று பொருள். பட்டையாக ஒட்டிய குட்டிக் குட்டி பிளாஸ்டிக் குப்பிகளாகவும் வரும், பெயர் ‘மோனோதோஸே’. ஒன்றைத் திருகித் திறந்து விட்டுக்கொண்டு, மீதியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சிக்கனம் பார்த்து மூடி வைக்காதீர்கள்! ‘க்வான்தே வோல்தே அல் ஜோர்னோ?’ என்றால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்பது.

உங்கள் கணவர் விஷயம் வேறு. சிவந்த கண்ணுக்கு என்று சீட்டில்லாமல் விற்கும் சொட்டுகளில் சில, கிளாக்கோமாவில் ஒரு வகைக்கு ஆபத்து. அவருக்காக எது வாங்கினாலும் ‘மீயோ மரீத்தோ ஆ இல் க்ளவ்கோமா’ என்று முதலில் சொல்லிவிடுங்கள். அவர் வழக்கமாக விடும் சொட்டு, தங்கும் நாள் முழுவதற்கும் ஊரிலிருந்தே போகட்டும். டாக்டர் சீட்டில் பிராண்டோடு மூலப்பெயரையும், டிமொலால், லட்டனோப்ராஸ்ட் என்பதுபோல், எழுதி வாங்குங்கள். அங்கே கேட்டால் ‘ரிச்செத்தா’, அதாவது சீட்டு, இல்லாமல் தர மாட்டார்கள். ஆன்டிபயாடிக் சொட்டுக்கும் அதே கதைதான்.

பணம் கொடுக்கும்போது ‘கோதிச்சே ஃபிஸ்காலே?’ என்பார்கள். அந்நாட்டு வரி எண்ணைக் கேட்கிறார்கள், அது அங்கே இருப்பவர்களின் வருமான வரிக் கணக்குக்கு. ‘நோ, க்ராத்ஸியே’ என்றால் முடிந்தது. மதியம் பல கடைகள் மூடியிருக்கும். அப்போதும் இரவிலும் திறந்திருக்கும் முறைக்கடையின் விலாசம் கதவில் ஒட்டியிருக்கும், ‘தி தூர்னோ’ என்ற சொல்லைத் தேடுங்கள். திடீரென்று பார்வை மங்கினாலோ கடும் வலி வந்தாலோ கடைக்குப் போகாதீர்கள், அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.

கேள்வி: கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம்? - வாசகர், மதுரை

பதில்: ‘சொலூத்ஸியோனே ஊனிகா பெர் லென்தி ஆ கொன்தாத்தோ’. மருந்துக்கடையில் உண்டு, கண்ணாடிக்கடையிலும் உண்டு. ‘ஸலீனா’ என்று எழுதியிருந்தால் வெறும் உப்புநீர், கிருமியைக் கொல்லாது. ‘பெரொஸ்ஸிதோ’, அதாவது பெராக்சைடு, என்றிருந்தால் அதை நேரே கண்ணில் விட்டுவிடாதீர்கள், அலற வைத்துவிடும். அதோடு வரும் டப்பாவில் மணிக்கணக்கில் ஊறவைத்த பிறகே லென்ஸைப் போடலாம்.