அந்தப் பன்னிரண்டு பக்கங்களை எப்படிப் படிப்பது

தம்பி, ஈரோட்டிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, வகுப்புத் தோழி ஆடுகிறாள் என்று ஒன்பது வயது மகளைப் பேஸ்பால் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலில், பெண்கள் லீகில் பதிவு செய்துவிட்டோம், இப்போது 'உள்ளூர் ஆட்ட விதிகள்' என்று 12 பக்கம் அனுப்பியிருக்கிறார்கள், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை, முகத்தில் பந்து பட்டுவிடும் என்று மனைவி வேறு பயப்படுகிறார், தொடரலாமா விலகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலகாதீர்கள். என் இரண்டு பெண்களும் இந்த ஆட்டத்தில் வளர்ந்தவர்கள். பன்னிரண்டு வசந்த காலங்களை மைதானத்து அலுமினியப் பெஞ்சில் கழித்திருக்கிறேன், அதில் ஏழு ஆண்டுகள் ஸ்கோர் எழுதியிருக்கிறேன். உங்களைக் குழப்பும் அந்தப் பன்னிரண்டு பக்கங்கள்தாம் உங்கள் மகளுக்காகவே எழுதப்பட்டவை. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு என்று தனியாக முழு விதிப்புத்தகம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் யுஎஸ்ஏ சாஃப்ட்பால் என்ற தேசிய அமைப்பின் புத்தகத்தைத்தான் லீகுகள் பின்பற்றுகின்றன. 1933-இல் வேறு பெயரில் தொடங்கிய அமைப்பு. தலைமையகம் ஓக்லஹோமா சிட்டியில். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் சாஃப்ட்பால் ஆட்டங்களையும் அந்த ஊரில்தான் நடத்தப்போகிறார்கள். அந்தப் புத்தகம் நன்றாக ஆடத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நேற்றுதான் கையுறை மாட்டக் கற்றுக்கொண்ட குழந்தையிடம் அதை அப்படியே நீட்டினால் ஆட்டம் நடக்காது. ஆகவே ஒவ்வொரு லீகும் வயதுப் பிரிவுக்கு ஏற்றபடி சிலவற்றை நீக்கி, சிலவற்றைச் சேர்த்து, தன் விதிகளை எழுதிக்கொள்கிறது. புத்தகம் ஒன்று சொல்லி உள்ளூர் விதி வேறொன்று சொன்னால், உங்கள் லீகில் உள்ளூர் விதியே செல்லும். பக்கத்து ஊர் லீகில் ஆடும் குழந்தையின் பெற்றோர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்; அங்கே விதி வேறாக இருக்கும்.

முதலில் அளவுகள். உங்கள் மகள் '10யு', அதாவது பத்து வயது வரையிலான பிரிவில் இருப்பாள். அங்கே பந்து எறியும் பெண், அதாவது பிட்சர், 35 அடி தூரத்தில் நிற்பாள். பன்னிரண்டு வயதுப் பிரிவில் 40 அடி, பதினான்கு வயதுப் பிரிவிலிருந்து 43 அடி. கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கஜம் என்பது 66 அடி, ஏறத்தாழ இரண்டு மடங்கு. கை தோளிலிருந்து ராட்டினம் போல் முழு வட்டம் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்து வரும். சாஃப்ட்பால் என்ற பெயரைக் கேட்டு மெத்தென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். 1887-இல் சிகாகோவில் ஒரு படகுக் கழகக் கூடத்துக்குள் குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி ஆடியதில் தொடங்கிய விளையாட்டு இது. அந்த மென்மை பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பத்து வயதுப் பிரிவின் பந்து 11 அங்குலச் சுற்றளவு, கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது, எடையும் கொஞ்சம் கூடுதல். உங்கள் மனைவியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

என் மூத்தவள் அந்தப் பிரிவில் ஆடிய முதல் ஆண்டு எனக்கு மறக்காது. ஒன்பது வயதுப் பிட்சர்களுக்குப் பந்து நேராகப் போவதே அரிது. எட்டாத பந்து, அதாவது நம் வைட் போன்றது, நான்கு வந்தால் மட்டை பிடித்தவள் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய நான்கு நிறுத்தங்கள்தாம் பேஸ்கள். ஒருத்தி நடந்தாள், அடுத்தவள் நடந்தாள், பதினோரு குழந்தைகள் வரிசையாக நடந்தார்கள். மட்டையில் பந்து படவே இல்லை. பிட்சர் அழுதுகொண்டே எறிந்தாள். என் மகள் வலது ஓரத்தில் நின்று புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, நான் பந்தைத் தொடவே இல்லை" என்று மட்டும் சொன்னாள். அந்த ஆண்டு இறுதியில் பெற்றோர் கூடிப் பேசினோம். மறு ஆண்டு விதிகளில் ஒரு பத்தி சேர்ந்தது: சீசனின் முதல் பாதியில் நான்கு எட்டாத பந்துகள் ஆனதும் அடிக்கும் அணியின் பயிற்சியாளரே வந்து மிச்சத்தை எறிய வேண்டும், நடந்து போவது கிடையாது. அந்த ஒரு பத்தியால் மட்டையில் பந்து பட்டது, களத்தில் நின்றவர்களுக்கு ஓடிப் பிடிக்க வேலை வந்தது, பிட்சர் அழுவதும் நின்றது.

உங்கள் பன்னிரண்டு பக்கங்களில் பாதி இப்படிப்பட்டவையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பத்தியின் பின்னாலும் ஏதோ ஓர் ஆண்டில் ஏதோ ஒரு குழந்தை அழுதிருக்கிறது என்று நினைத்துப் படித்துப் பாருங்கள், காரணம் தானாக விளங்கும். வந்திருக்கும் எல்லாக் குழந்தைகளும் மட்டை பிடிக்கும் வரிசையில் இருக்க வேண்டும் என்றிருக்கும். பன்னிரண்டு பேர் வந்தால் பன்னிரண்டு பேரும் ஆடுவார்கள், களத்தில் ஒன்பது பேர் நின்றாலும் சரி. தொடர்ந்து இரண்டு இன்னிங்ஸ் எந்தக் குழந்தையும் வெளியே உட்காரக் கூடாது, ஓர் இன்னிங்ஸாவது பேஸ்களை ஒட்டிய உள்வட்டத்தில் நிறுத்த வேண்டும் என்றும் இருக்கும். பயிற்சியாளரின் மகளே எப்போதும் நல்ல இடத்தில் நிற்கும் வழக்கத்துக்கு அதுதான் கடிவாளம். இந்த இரண்டையும் அடிக்கோடு போட்டு வையுங்கள். மீறல் நடந்தால் மைதானத்தில் பேசாமல், மறுநாள் அணி மேலாளருக்கு மரியாதையாக எழுதிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. நம்மவர்கள் பலர் புதிதாக வந்தவர்கள் என்ற தயக்கத்தில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

ஓர் இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்ததும் மூன்று பேர் ஆட்டமிழக்காவிட்டாலும் அணி மாற வேண்டும், கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை என்பது பல லீகுகளின் விதி. இருபது ரன் விட்டுக்கொடுத்த அணிக்கு அடுத்த வாரம் ஆள் சேராது என்பதுதான் காரணம். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது போன்ற நேரக் கட்டுப்பாடும் இருக்கும். அடுத்த ஆட்டத்துக்குக் குழந்தைகள் காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பேஸ் திருடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிட்சர் எறியும்போது யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது அது. பேஸுக்கும் பேஸுக்கும் 60 அடி. ஆனால் கேட்சர், அதாவது நம் விக்கெட் கீப்பர் போன்றவள், இரண்டாம் பேஸுக்கு எறிய வேண்டுமானால் மூலைவிட்டமாக 84 அடிக்கு மேல். ஒன்பது வயதுக் கைக்கு அது எட்டாது. விட்டால் முதல் பேஸில் நிற்பவளெல்லாம் மூன்று பந்தில் ரன் ஆக்கிவிடுவாள். அதனால் எங்கள் லீகில் ஒரு பந்துக்கு ஒரு பேஸ் மட்டும், கடைசிப் பேஸான ஹோமைத் திருட முடியாது. ஸ்ட்ரைக் என்பது அடிக்கத் தவறியதாகக் கணக்காகும் பந்து, மூன்று ஆனால் அவுட்; அந்த மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் நழுவவிட்டால் மட்டை பிடித்தவள் முதல் பேஸுக்கு ஓடலாம் என்ற பெரியவர்களின் விதியும் இந்த வயதில் எங்களிடம் கிடையாது. பன்னிரண்டு வயதுப் பிரிவுக்கு ஏறியதும் இரண்டும் வந்துவிடும்; அப்போது திடீரென்று வேறு ஆட்டம் போலத் தோன்றும்.

கிரிக்கெட் கண்ணுக்கு மிகவும் விசித்திரமாகத் தெரியும் இரண்டு விதிகளைச் சொல்லிவிடுகிறேன். பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபடும் வரை ஓடுபவளின் கால் பேஸில் இருக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் அவுட். 2019-இல் ஜெய்ப்பூரில் அஸ்வின் பட்லரை அப்படி ரன் அவுட் செய்தபோது எத்தனை வாரம் சண்டை போட்டோம், நினைவிருக்கிறதா? இங்கே அதே காரியத்தை அம்பயரே பார்த்து, கை தூக்கி, அவுட் என்கிறார். விளையாட்டு உணர்வு கெட்டுவிட்டது என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு முதல் தடவை எச்சரிக்கை மட்டும் கொடுக்கும் லீகுகளும் உண்டு.

மற்றொன்று, பிட்சரைச் சுற்றி எட்டடி ஆரத்தில் வரைந்திருக்கும் வட்டம். பந்து அந்த வட்டத்துக்குள் பிட்சர் கைக்கு வந்துவிட்டது, அடித்தவளும் முதல் பேஸுக்குப் போய்விட்டாள் என்றால், நடுவழியில் நிற்கும் மற்றவர்கள் உடனே முன்னேறவோ திரும்பவோ வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டம் காட்டிக்கொண்டு நின்றால் அவுட். நல்ல பிள்ளைகள்கூடத் தடுமாறும் இடம் இது. வீட்டுக் கூடத்தில் தலையணைகளைப் பேஸாக வைத்து இதை மட்டும் நான்கு நாள் சொல்லிக்கொடுங்கள். உங்கள் மகள் அணியிலேயே தெளிவாக ஓடுபவளாக இருப்பாள்.

இப்போது உங்கள் மனைவி கேட்டது. மட்டை பிடிக்கும்போதும் ஓடும்போதும் முகக்கம்பி வைத்த ஹெல்மெட் கட்டாயம். களத்தில் நிற்கும்போது அணியும் முகக்கவசம் சில லீகுகளில் பிட்சருக்கு மட்டும் கட்டாயம், சிலவற்றில் உள்வட்டத்தில் நிற்கும் எல்லோருக்கும், சிலவற்றில் பரிந்துரை மட்டும். விதியில் பரிந்துரை என்றே இருந்தாலும் நீங்கள் கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 35 அடியில் நிற்கும் பிட்சரை நோக்கி அடிபட்ட பந்து திரும்பி வரும்போது கண் இமைக்கத்தான் நேரம் இருக்கும். என் இளையவளின் முகக்கவசத்தில் ஒரு பந்து பட்டுக் கம்பி வளைந்தது. அவள் எழுந்து நின்று பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தாள். வளைந்த அந்தக் கவசத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு சரி. 2017 முதல் கலிஃபோர்னியாவில் இளையோர் விளையாட்டு அமைப்புகளுக்கு அது சட்டம். மருத்துவர் எழுத்தில் அனுமதி கொடுக்கும் வரை திரும்ப ஆட முடியாது; மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் குறைந்தது ஏழு நாள் படிப்படியாகத்தான் சேர்ப்பார்கள். குழந்தை 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அழுதாலும் நீங்கள் அவள் பக்கம் பேசக் கூடாது.

நகை விஷயம் நம் வீடுகளுக்கு முக்கியம். மூத்தவளுக்கு என் மாமியார் ஆசையாகப் போட்டுவிட்ட திருகுத் தோட்டை முதல் ஆட்டத்தில் கழற்றச் சொன்னார்கள். திருகு இறுகிப்போய்க் கழலவே இல்லை, குழந்தை ஓர் இன்னிங்ஸ் வெளியே உட்கார்ந்தாள். தோடு, வளையல், கொலுசு, கோவில் கயிறு எல்லாவற்றைப் பற்றியும் உங்கள் லீகின் விதி என்ன என்று முன்னதாகக் கேளுங்கள், இதில் லீகுக்கு லீக் மாறும். காது குத்துவதாக இருந்தால் சீசன் முடிந்த ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் பகுதியை நீங்கள் படிக்காமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சின்னப் பிரிவுகளில் அம்பயராக நிற்பது பெரும்பாலும் பதினைந்து வயதுப் பெண்கள், சில ஆண்டுகளுக்கு முன் இதே மைதானத்தில் ஆடியவர்கள். அவர்களிடம் கேள்வி கேட்கும் உரிமை அணி மேலாளருக்கு மட்டும். விதியைத் தவறாகப் பயன்படுத்தினால் முறையிடலாம். அவுட்டா இல்லையா என்ற கணிப்பை எதிர்த்து முறையிட முடியாது. கேட்சருக்குப் பின்னாலுள்ள வலையருகே நின்று மகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நம் ஊர் மைதானப் பழக்கத்தில் கை தட்டிக் கத்துவது அன்புதான், ஆனால் குழந்தை உங்கள் குரலையும் பயிற்சியாளர் குரலையும் ஒரே நேரத்தில் கேட்டுத் திகைத்து நின்றுவிடுவாள்.

அதற்குப் பதிலாக ஸ்கோர் எழுத முன்வாருங்கள். ஆட்டம் ஒரே மாதத்தில் பிடிபடும். தொண்டு வேலை எப்படியும் செய்தாக வேண்டும், அதற்கு முன்பணக் காசோலை வாங்கியிருப்பார்கள். ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேல் குழந்தைகளோடு இருக்கும் தொண்டர்களிடம் கைரேகை கேட்பார்கள். 2022 முதல் இந்த மாநிலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான், வெளிநாட்டவர் என்பதால் அல்ல. விசாவில் இருப்பதால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் தரும் அம்பயர் வேலையை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை ஆட்டமும் தமிழ்ப்பள்ளியும் மோதும். சீசன் தொடங்கும் முன்பே மேலாளரிடம் எந்தெந்த நாள் வர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆள் எண்ணிக்கை எட்டுக்குக் கீழே போனால் அந்த ஆட்டமே தோல்வியாக எழுதப்படும் என்று எங்கள் விதியில் இருக்கிறது. உங்களுடையதிலும் ஏதாவது ஓர் எண் இருக்கும். பாதியில் கிளம்பினால் அவள் முறை வரும்போது அவுட் கணக்கிடுவார்களா, தாண்டிப் போவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஹெல்மெட்டும் முகக்கவசமும் கையுறையும் வாங்கிவிடுங்கள், மகளைக் கடைக்கு அழைத்துச் சென்று மாட்டிப் பார்த்து. மட்டையில் பேஸ்பால் என்று இல்லாமல் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால் என்று இருக்கிறதா, அதில் யுஎஸ்ஏ சாஃப்ட்பால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை எறியாத கைக்கு. வலக்கையால் எறிகிறவள் என்றால் இடக்கையில் மாட்டுவதை வாங்க வேண்டும். புதுத் தோல் விறைப்பாக இருக்கும். நடுவில் பந்தை வைத்துக் கயிறு கட்டி, பயிற்சி தொடங்கும் வரை ஒவ்வோர் இரவும் மூடியே வைத்திருக்கச் சொல்லுங்கள்.